ஒரு பிரதி கவசம், இரண்டு பிரதி நோய்

மலேரியாவுக்குத் தமிழில் முறைக்காய்ச்சல் என்றொரு பழைய பெயர் உண்டு. முறை வைத்துக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். இன்று நடுக்கிப் போட்டுவிட்டுப் போகும். நாளை ஆள் எழுந்து கஞ்சி குடிப்பார், வேலைக்குக்கூடப் போவார். மறுநாள் ஏறக்குறைய அதே வேளையில் மீண்டும் பல் கிட்டிக்கொள்ளும். இந்தப் பெயரை வைத்தவர்களிடம் நுண்ணோக்கி இருந்திருக்காது. இருந்தாலும் ரத்தத்துக்குள் இருக்கும் ஒட்டுண்ணியின் கால அட்டவணையைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

அந்த அட்டவணை இதுதான். அனாஃபிலிஸ் பெண் கொசு கடிக்கும்போது பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி உடலுக்குள் வருகிறது. முதலில் கல்லீரலில் ஒரு வாரம் போல ஒளிந்திருந்து பெருகுகிறது. பிறகு ரத்தத்தில் இறங்கி, சிவப்பணுக்களுக்குள் ஒவ்வொன்றாகப் புகுகிறது. உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின்தான் அதற்குத் தீனி. தின்று வளர்ந்து, ஒன்று பலவாகப் பெருகி, பெரும்பாலான வகைகளில் 48 மணி நேரத்தில் அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வந்தவை ஒவ்வொன்றும் அடுத்த சிவப்பணுவைத் தேடிப் போகின்றன. ஏராளமான அணுக்கள் ஒரே வேளையில் உடையும் அந்த நேரத்தில்தான் நமக்கு நடுக்கம்.

மனிதரைத் தாக்கும் பிளாஸ்மோடிய இனங்களில் ஃபால்சிபாரம் என்பதே ஆளைக் கொல்வதில் முதலிடம் வகிப்பது. இதன் காய்ச்சல் பல நேரங்களில் முறைக்குக் கட்டுப்படுவதில்லை. அதைவிடக் கெட்ட குணம் ஒன்றும் அதற்கு உண்டு. தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேற்பரப்பில் சிறுசிறு முண்டுகளை எழுப்பி, அவற்றின் வழியே ஒட்டும் தன்மையுள்ள புரதத்தை வெளியே நீட்டிவைக்கிறது. அணு நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் பசைபோல ஒட்டிக்கொள்கிறது. கெட்டுப்போன சிவப்பணுக்களைச் சலித்தெடுப்பது மண்ணீரலின் வேலை. அந்தப் பக்கம் போகாமல் தப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு. மூளையின் நுண்குழாய்களில் இப்படி அணுக்கள் அடைத்துக்கொண்டால் நோயாளி நினைவிழக்கிறார். மூளை மலேரியா, கடும் ரத்தசோகை, மூச்சுத்திணறல் என்று உயிருக்கு ஆபத்தான நிலைகளைச் சேர்த்துத்தான் மருத்துவர்கள் ‘கடும் மலேரியா’ என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் மட்டும் மலேரியாவுக்கு இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். அவர்களில் 95 விழுக்காட்டினர் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயது நிறையாத குழந்தைகள்.

ஒரே ஊரில், ஒரே மழைக்காலத்தில், ஒரே குட்டையில் பிறந்த கொசுக்களிடம் கடிபடும் இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நான்கு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு விளையாடப் போகிறது. இன்னொன்று ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? முன்பு எத்தனை தடவை காய்ச்சல் வந்தது, மருந்து எப்போது கிடைத்தது, வீட்டில் கொசுவலை இருந்ததா என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று பெற்றோரிடமிருந்து வந்த மரபணு. கென்யாவின் கிலிஃபி கடற்கரைப் பகுதியில் நடந்த ஆய்வொன்று 2005இல் வெளியானது. குழந்தைகளிடையே மலேரியாவில் காணப்படும் ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய கால் பங்குக்கு மரபுக்கூறுகளே காரணம் என்று அது கணக்கிட்டது.

இந்தக் கட்டுரை அந்தக் கால் பங்கைப் பற்றியது. கட்டுரையின் பெரும்பகுதி, சிவப்பணுவை அரிவாள்போல வளைக்கும் ஒரே ஒரு மரபணு மாற்றத்தைப் பற்றியது. அதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே புரியும்.

1949இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் ஆன்டனி அல்லிசன் ஓர் ஆய்வுப் பயணக் குழுவோடு கென்யா போனார். அவருக்கு அது புதிய நாடு அல்ல. தென்னாப்பிரிக்காவில் பிறந்து கென்யாவில் வளர்ந்தவர். பல இன மக்களிடம் ரத்த மாதிரி எடுத்து, ரத்த வகைகளோடு சேர்த்து வேறொன்றையும் சோதித்தார்: ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணு வளைகிறதா?

வளைகிற சிவப்பணுவைப் பற்றி மருத்துவ உலகுக்கு அதற்கு முன்பே தெரியும். கிரெனடா தீவிலிருந்து சிகாகோவுக்குப் பல் மருத்துவம் படிக்க வந்திருந்த மாணவர் ஒருவரின் ரத்தத்தில் அரிவாள் போல வளைந்த அணுக்களைக் கண்டு, 1910இல் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர் கட்டுரை எழுதியிருந்தார். அரிவாள் செல் சோகை என்று நாம் இன்று சொல்லும் நோயின் முதல் மருத்துவப் பதிவுகளில் ஒன்று அது.

இதைக் கண்டுபிடிக்கும் பழைய சோதனை மிக எளிமையானது. கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, அதிலுள்ள ஆக்சிஜனை எடுத்துவிடும் ரசாயனம் ஒரு சொட்டு கலந்து, மெல்லிய கண்ணாடி மூடியால் மூடி, காற்றுப் புகாதபடி விளிம்பை அடைத்துவிட வேண்டும். சற்று நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், சாதாரண ரத்தத்தில் அணுக்கள் நடுவில் குழிந்த வட்டமாக அப்படியே கிடக்கும். மாற்றம் உள்ள ரத்தத்தில் வட்டங்கள் ஓரம் சுருங்கி, நீண்டு, இரு முனையும் கூராகி, கருக்கரிவாளாக வளைந்து நிற்கும். பெரிய ஆய்வகம் தேவையில்லை. பயணத்தில் கையோடு கொண்டுபோகக்கூடிய சோதனை.

அல்லிசன் கண்டது ஒரு வரைபடத்தை. கடற்கரையை ஒட்டியும் விக்டோரியா ஏரிக்கரையிலும் வாழ்ந்த மக்களில் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் அணு வளைந்தது. மலைமேட்டில் வாழ்ந்தவர்களிடம் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மொழியோ இனமோ இந்த வேறுபாட்டை விளக்கவில்லை. கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் கொசு உண்டு, குளிர்ந்த மேட்டில் இல்லை என்பதுதான் கண்ணில் பட்ட ஒரே ஒழுங்கு.

மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு 1953இல் அவர் மீண்டும் கிழக்கு ஆப்பிரிக்கா வந்தார். உகாண்டாவில் 290 குழந்தைகளின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைத் தேடினார். அணு வளையாத 247 குழந்தைகளில் 113 பேரிடம் ஒட்டுண்ணி இருந்தது. அதாவது நூற்றுக்கு 46. அணு வளையும் 43 குழந்தைகளில் 12 பேரிடம்தான் இருந்தது; நூற்றுக்கு 28. கூடவே, லுவோ இனத்தைச் சேர்ந்த வயதுவந்த 30 தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே மலேரியா தொற்றை ஏற்படுத்தி, பிறகு சிகிச்சை கொடுத்தார். அணு வளையாத 15 பேரில் 14 பேருக்கு நோய் பிடித்தது. அணு வளையும் 15 பேரில் இரண்டே பேருக்கு. இந்தச் சோதனைக்கு இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தரவும் கூடாது. எண்கள் என்னவோ உரக்கப் பேசின. 1954இல் அவர் கட்டுரைகள் வெளியாயின. பலர் நம்பத் தயங்கினார்கள்.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. அரிவாள் செல் சோகை பிள்ளைகளைக் கொல்லும் நோய். கொல்லும் ஒன்று எப்படிக் காக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை ‘எத்தனை பிரதி’ என்பதில் இருக்கிறது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை உருவாக்கும் மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தந்தை கொடுத்தது. அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கலாம். அதன் விளைவாக, 146 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்து உட்காருகிறது. 1950களின் நடுவில் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் இதைக் கண்டுபிடித்தார். ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நீரில் கரைந்த சர்க்கரைபோல நெருக்கியடித்துக் கிடக்கின்றன. வேலின் வந்த மூலக்கூறுகளோ, ஆக்சிஜனை இறக்கிவைத்த உடனே ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகின்றன. கம்பிகள் உள்ளிருந்து முட்ட, அணு வளைகிறது.

இரண்டு பிரதியும் மாறியிருந்தால் எல்லா அணுக்களும் இப்படித்தான். 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு இருபது நாள்கூடத் தாங்காது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களில் சிக்கும், எலும்பைப் பிளப்பது போன்ற வலி வரும், மண்ணீரல் கெடும், சாதாரணத் தொற்றுகூட உயிரைப் பறிக்கும். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் அணுவுக்குள் பாதிக்கு மேல் நல்ல ஹீமோகுளோபின்தான். கம்பி எளிதில் உருவாகாது. அப்படிப்பட்டவர் தனக்கு ஏதோ இருக்கிறது என்றே தெரியாமல் முழு வாழ்வும் வாழ்ந்துவிடலாம். மருத்துவத்தில் இவரைக் ‘கடத்தி’ என்பார்கள். எனக்கு இந்தச் சொல் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஏதோ கள்ளக்கடத்தல் செய்பவர் போல ஒலிக்கிறது. இங்கே ‘ஒற்றைப் பிரதிக்காரர்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பாதுகாப்பு கிடைப்பது இந்த ஒற்றைப் பிரதிக்காரருக்குத்தான். கடும் மலேரியா வரும் வாய்ப்பு இவருக்கு மற்றவரைவிட ஏறக்குறைய 90 விழுக்காடு குறைவு. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியான எண் இது. இவ்வளவு பெரிய பாதுகாப்பைத் தரும் இன்னொரு பரவலான மரபணு மாற்றம் கிடைப்பது அரிது.

எப்படிக் காக்கிறது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. சில வழிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒட்டுண்ணி புகுந்த அணு ஆக்சிஜன் குறைந்த குழாய்ப் பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்தோம். அங்கேதான் கம்பிகள் உருவாகத் தோதான சூழல். தீனியாக இருந்த ஹீமோகுளோபின் கம்பியாகிப்போனால் ஒட்டுண்ணியின் வளர்ச்சி பாதியில் நிற்கிறது. வளைந்த அணுவை மண்ணீரல் அடையாளம் கண்டு, ஒட்டுண்ணியோடு சேர்த்தே அகற்றிவிடுகிறது. இன்னொன்று, அந்த முண்டுகள். புரதத்தை மேற்பரப்புக்குக் கொண்டுசேர்க்க ஒட்டுண்ணி அணுவுக்குள் ஒரு தூக்குப் பாதையே கட்டுகிறது. மாறிய ஹீமோகுளோபின் உள்ள அணுவில் அந்தப் பாதை ஒழுங்காக அமைவதில்லை. முண்டுகள் கோணலாக வருகின்றன, பசையும் குறைகிறது.

கவனியுங்கள்: இவற்றில் எதுவும் கொசுவைத் தடுக்கவில்லை. ஒட்டுண்ணி உடலுக்குள் வருவதையும் தடுக்கவில்லை. ஒற்றைப் பிரதிக்காரர் ரத்தத்திலும் மலேரியா ஒட்டுண்ணி இருக்கும், காய்ச்சலும் வரும். நோய் முற்றி உயிருக்கு உலை வைப்பதுதான் தடைப்படுகிறது. ‘எதிர்ப்புச் சக்தி’ என்று பத்திரிகைகளில் எழுதும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

இப்போது ஒரு கணக்கு. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் மனத்தில் உட்காரும். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கற்பனைக் கிராமம். அங்கே இந்த மரபணுவின் பிரதிகளில் பத்தில் ஒன்று அரிவாள் வகை என்று வைத்துக்கொள்வோம். 100 குழந்தைகள் பிறக்கிறார்கள். இரண்டு பிரதியும் நல்லவையாக இருக்கும் வாய்ப்பு 0.9 பெருக்கல் 0.9, ஆக 81 பேர். இரண்டும் அரிவாள் வகையாக இருக்கும் வாய்ப்பு 0.1 பெருக்கல் 0.1, ஒரே ஒருவர். மீதி 18 பேர் ஒற்றைப் பிரதிக்காரர்கள். மருத்துவ வசதி இல்லாத காலம். இரட்டைப் பிரதிக் குழந்தை பிழைக்கவில்லை. 81 பேரில் ஒன்பது பேரை மலேரியா கொண்டுபோகிறது. 18 பேரும் தப்பிக்கிறார்கள் என்று கணக்கை எளிமையாக்கிக்கொள்வோம்.

எஞ்சியவர்கள் 90 பேர். ஆளுக்கு இரண்டு என்று 180 பிரதிகள். அவற்றில் அரிவாள் வகை 18. பதினெட்டை நூற்றெண்பதால் வகுத்தால் மறுபடியும் பத்தில் ஒன்று! அடுத்த தலைமுறையும் அதே 81, 18, 1 என்ற விகிதத்தில்தான் பிறக்கும். அரிவாள் மரபணு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு பக்கம் சோகை நோய் அதைக் கழிக்கிறது, மறுபக்கம் மலேரியா நல்ல பிரதிகளைக் கழிக்கிறது. தராசு நேராக நிற்கிறது.

தராசு என்று சொல்வது எளிது. நூறு தொட்டில்களில் பத்துத் தொட்டில் காலியாகித்தான் அது நேராக நிற்கிறது. ‘இயற்கையின் அற்புதச் சமநிலை’ என்று இதை வருணிக்கும் எழுத்துகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வரும்.

சரி, மலேரியாவை ஒழித்துவிட்டோம் என்று வையுங்கள். அப்போது 81 பேரும் பிழைப்பார்கள். இரட்டைப் பிரதிக் குழந்தை மட்டும் இழப்பு. 99 பேர், 198 பிரதிகள், அவற்றில் 18 அரிவாள் வகை. பத்தில் ஒன்று இப்போது பதினொன்றில் ஒன்றாகிறது. அடுத்த தலைமுறையில் பன்னிரண்டில் ஒன்று. பிறகு பதின்மூன்றில் ஒன்று. பாதியாகி இருபதில் ஒன்றாகப் பத்துத் தலைமுறை வேண்டும்; ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டு. கொசுவை ஒரு தலைமுறைக்குள் விரட்டிவிடலாம். கொசு விட்டுச் சென்ற மரபணு அவ்வளவு சீக்கிரம் போகாது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அந்நாட்டிலிருந்து மலேரியா ஒழிந்தும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்றும் அவர்களில் பதின்மூன்று குழந்தைகளில் ஒன்று ஒற்றைப் பிரதியோடு பிறக்கிறது.

அதனால் இது ‘ஆப்பிரிக்க நோய்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் கோசா, சூலு மக்களிடம் இந்த மரபணு அரிது. கிரேக்கத்தில், பழைய கோப்பாய்ஸ் ஏரிப் பகுதியிலுள்ள ஓர்கோமெனோஸ் வட்டாரத்தில் ஏராளம். சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியில் உண்டு. மத்திய இந்தியாவில் உண்டு. நீலகிரியிலும் உண்டு.

நீலகிரிக் கதை நமக்குப் பக்கத்துக் கதை. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பகுதிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல்லைக் கண்டதாக எழுதினார்கள். இந்தியாவில் இந்த மரபணு இருப்பது வெளியுலகுக்குத் தெரிய வந்தது அந்தக் கட்டுரையால்தான். இருளர், குறும்பர், பணியர் ஆகிய மக்களிடம் இது காணப்பட்டது. இம்மக்கள் பலகாலம் வாழ்ந்த மலைச்சரிவுக் காடுகளும் வயநாட்டுப் பக்கமும் காய்ச்சலுக்குப் பேர்போன இடங்கள். கென்யாவில் அல்லிசன் கண்ட மேடும் தாழ்வும் என்ற வரைபடத்தை நினைத்துக்கொண்டு இந்த மலையைப் பார்த்தால், நமக்கே ஏதோ பிடிபடுவது போலிருக்கும். இந்தியாவிலும் அரேபியாவிலும் காணப்படும் வகையில், இந்த மரபணுவைச் சுற்றியுள்ள மரபுக்கூறுகள் ஆப்பிரிக்க வகையிலிருந்து வேறுபடுகின்றன. அதனால் பலருக்குக் கருவிலிருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபின் வளர்ந்த பிறகும் ஓரளவு நீடித்து, நோயின் கடுமையைச் சற்றுத் தணிக்கிறது. சற்றுத்தான், வலி வலிதான்.

2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் இந்திய அரசு அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடியினர் மிகுந்த மாவட்டங்களில் ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. சோதனை முடிந்தவர்களுக்கு அட்டை தருகிறார்கள். இந்த அட்டை வாங்கும் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியது சிறிய கணக்குத்தான். கணவன் மனைவி இருவருமே ஒற்றைப் பிரதிக்காரர்களாக இருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு இரட்டைப் பிரதி கிடைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒற்றைப் பிரதி கிடைக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. எதுவும் இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது’ என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி அல்ல. ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகக் குலுக்கித்தான் எடுக்கிறோம். இருவரில் ஒருவர் மட்டும் ஒற்றைப் பிரதிக்காரர், மற்றவருக்கு எந்த மாற்றமும் இல்லை என்றால், பிள்ளைக்கு அரிவாள் செல் நோய் வரவே வராது.

மலேரியா செதுக்கிவிட்டுப் போனது அரிவாள் செல்லை மட்டுமல்ல. உண்மையில் இந்தக் கருத்தை அல்லிசனுக்கு முன்பே இன்னொரு நோயை வைத்துச் சொன்னவர் பிரிட்டிஷ் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை நோயான தலசீமியா மத்திய தரைக்கடல் மக்களிடம் இவ்வளவு பரவலாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு, ஒற்றைப் பிரதிக்காரரின் சிறிய சிவப்பணு மலேரியாவுக்கு ஈடுகொடுக்கலாமே என்று 1949இல் வெளியான கட்டுரையில் எழுதினார். கையில் பெரிய ஆதாரம் எதுவும் இல்லை, ஊகம்தான். ஊகம் பலித்தது. இந்த ஹால்டேன்தான் பின்னர் இங்கிலாந்தை உதறிவிட்டு இந்தியா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். தலசீமியாவின் கதையும் அந்த மெதுவான கணக்கையே பின்பற்றுகிறது. இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. குருநாகல், அனுராதபுரம் போன்ற, ஒருகாலத்தில் காய்ச்சல் கொன்று குவித்த வறண்ட பகுதிகளில் தலசீமியாக் குழந்தைகள் இன்றும் மாதம் தவறாமல் ரத்தம் ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஜி6பிடி குறைபாடு இன்னொன்று. உலகில் 40 கோடிப் பேருக்கு மேல் உண்டு. சிவப்பணுவை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் நொதியின் பெயர்தான் ஜி6பிடி. குறைபாடு இருந்தாலும் சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாது. சில மருந்துகள் சாப்பிட்டால் அணுக்கள் கூட்டமாக உடைந்து, சிறுநீர் கறுத்துப்போகும். அந்த மருந்துகளில் முக்கியமானது பிரைமாகுயின். வைவாக்ஸ் வகை மலேரியாவில், கல்லீரலில் பதுங்கியிருக்கும் ஒட்டுண்ணியை அழிக்க நம் நாட்டில் 14 நாள் கொடுக்கும் அதே மாத்திரை. மலேரியா உருவாக்கிய மாற்றம், மலேரியா மருந்துக்கே எதிரியாக நிற்கிறது. அந்த மாத்திரை தொடங்கிய பிறகு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஜி6பிடி குறைபாடு கடும் மலேரியாவிலிருந்து எவ்வளவு காக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மூளை மலேரியாவைக் குறைத்து, கடும் ரத்தசோகையைக் கூட்டுவதாகத் தெரிந்தது. ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை பறிக்கிறது.

ஓ வகை ரத்தக்காரர்களுக்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு. ஒட்டுண்ணி புகுந்த அணு, சுற்றியுள்ள நல்ல அணுக்களை இழுத்து இதழ்போலச் சுற்றிவைத்துக்கொள்ளும். ஓ வகையில் அந்தப் பூ அவ்வளவாகக் கட்டுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் டஃபி என்ற புரதம் இல்லை. வைவாக்ஸ் உள்ளே நுழையப் பயன்படுத்தும் கதவு அதுதான். கதவே இல்லாததால் அங்கே வைவாக்ஸ் அரிதாயிற்று. முற்றிலும் இல்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். மடகாஸ்கரில் அந்தக் கதவு இல்லாதவர்களுக்கும் வைவாக்ஸ் வந்ததை 2010இல் ஓர் ஆய்வு காட்டியது.

எனக்கு மிகவும் பிடித்தது டான்டு. அரிதான ஒரு ரத்த வகையின் பெயர் அது. கிழக்கு ஆப்பிரிக்காவில்தான் அதிகம். சிவப்பணுவின் மேற்பரப்பில் இருக்கும் கிளைக்கோஃபோரின் என்ற புரதங்களின் மரபணுக்கள் ஒன்றோடொன்று குழம்பிச் சேர்ந்து உருவான மாற்றம். இது கடும் மலேரியாவை ஏறக்குறைய 40 விழுக்காடு குறைக்கிறது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. எப்படி என்பது 2020இல் தெரிந்தது. டான்டு சிவப்பணுவின் சவ்வு சற்று விறைப்பாக இருக்கிறது. தொளதொளப்பான பந்துக்குள் விரலை அழுத்தலாம். காற்று நிறைய அடித்த பந்தில் விரல் வழுக்கும். ஒட்டுண்ணி வந்து முட்டிப் பார்க்கிறது, உள்ளே போக முடியவில்லை. உயிர்வேதியியல் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் பந்தின் விறைப்பில் வந்து நிற்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இத்தனை கவசங்களையும் ஒருவரே அணிந்துகொண்டால் என்ன என்று தோன்றும். கிலிஃபி ஆய்வாளர்கள் அதையும் பார்த்தார்கள். அரிவாள் செல் ஒற்றைப் பிரதி தனியாகக் காக்கிறது. தலசீமியாவின் ஒரு வகையான ஆல்ஃபா தலசீமியா தனியாகக் காக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே குழந்தையிடம் இருந்தபோது, பாதுகாப்பு ஏறக்குறைய காணாமலே போனது. ஆல்ஃபா தலசீமியா இருந்தால் அணுவுக்குள் அரிவாள் வகை ஹீமோகுளோபினின் பங்கு குறைகிறது. நோய்க்கு அது நல்லது, கவசத்துக்குக் கெட்டது. 1 + 1 = 0 என்ற கணக்கு.

மரபணுச் சோதனை செய்து ஒற்றைப் பிரதி இருப்பதாகத் தெரிந்துகொண்டவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: “அப்படியானால் எனக்குக் கொசுவலை வேண்டாமா?” வேண்டும். 90 விழுக்காடு குறைவு என்றால் பத்து விழுக்காடு மீதி இருக்கிறது. காய்ச்சலும் வரத்தான் செய்யும். அதோடு எதிரியும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. காம்பியாவிலும் கென்யாவிலும் கடும் மலேரியாவோடு வந்த குழந்தைகளின் மரபணுவையும், அவர்கள் ரத்தத்திலிருந்த ஒட்டுண்ணியின் மரபணுவையும் ஒருசேரப் படித்த ஆய்வொன்று 2022இல் வெளியானது. அரிவாள் செல் ஒற்றைப் பிரதி இருந்தும் கடும் நோயில் விழுந்த குழந்தைகளிடம் கிடைத்த ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் ஒரு தனி வகையாக இருந்தன. மற்ற ஒட்டுண்ணிகளிடம் இல்லாத சில மாற்றங்கள் அவற்றின் மரபணுவில் இருந்தன. அந்த மாற்றங்கள் உள்ள ஒட்டுண்ணியிடம், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காத்துவந்த கவசம் பெரிதாக எடுபடவில்லை.